பழைய காரின் தோல் சீற்: உரித்து எறிய முன் கேட்கவேண்டியவை

யாழ்ப்பாணத்து வீட்டு முற்றங்களில் ஒஸ்ரினும் மொறிஸும் இன்னும் நிற்கின்றன. அவற்றின் என்ஜினைப் பார்க்க ஆள் இருக்கிறது, தகரம் அடிக்க ஆள் இருக்கிறது. சீற் என்று வந்தால் மட்டும் எல்லோருக்கும் ஒரே யோசனைதான்: பழையதை உரித்துப்போட்டு ரெக்சின் அடிப்பது. அப்படி உரித்த நல்ல தோல்கள் குப்பைக்குப் போனதை நிறையப் பார்த்துவிட்டேன். கொக்குவிலில் குசன் வேலை செய்கிறேன். கொட்டிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பவற்றை அவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன்.

என்ரை காரிலை இருக்கிறது தோலோ, ரெக்சினோ? எப்பிடித் தெரியும்?

பெரும்பாலும் இரண்டும் இருக்கும். 1950களிலும் 60களிலும் வந்த பிரித்தானியக் கார்களில் உடம்பு படுகிற முகப்புக்கு மட்டும் தோல் போட்டு, பக்கங்களுக்கும் முதுகுப்புறத்துக்கும் தோல்போலத் தெரிகிற பூச்சுத்துணி போடுவது வழக்கமாக இருந்தது. அதனால் முதுகுப்புறத்தைத் தடவிப் பார்த்து "இது ரெக்சின்தான்" என்று முடிவுகட்டாதீர்கள்.

சீற்றைக் கழற்றிக் கவிழ்த்து, அடியில் ஆணி அடித்த விளிம்பைச் சற்று விடுவித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். நெய்த துணி தெரிந்தால் ரெக்சின் அல்லது வினைல். பஞ்சுபோல் நார் நாராக இருந்தால் தோல். முகப்பிலும் ஒரு அடையாளம் உண்டு: தோலின் சுருக்கம் இடத்துக்கு இடம் மாறும், வினைலில் ஒரே அச்சு திரும்பத் திரும்ப வரும். சிலர் நெருப்புக்குச்சி வைத்துப் பார்க்கிறார்கள். வேண்டாம், பார்த்த இடத்தில் ஒரு கருப்புப் புள்ளி காலத்துக்கும் நிற்கும்.

பிந்தி வந்த மொறிஸ் மைனர்களில் தோலே இல்லை, முழுக்க வினைல். அவற்றுக்குக் கீழே சொல்லும் எண்ணெயும் நிறமும் பொருந்தாது. தையலும் குசனும் பற்றிச் சொல்வது பொருந்தும்.

முழுக்க வெடிச்சுப் போச்சு. இனி ஏலாதுதானே?

எது வெடித்திருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். அக்காலத் தோலுக்கு மேலே நிறம் கலந்த செலுலோஸ் லக்கர் பூசியிருப்பார்கள். அது கார் பெயின்ற்போலத்தான்: வயது போகப் போக இறுகும், பிறகு உடையும். லக்கர் உடைந்து சிலந்தி வலைபோல் கோடு விழுந்திருந்தாலும் அடியில் தோல் மெத்தென்று இருக்கலாம். கொட்டிலுக்கு வருகிற சீற்றுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

சோதிப்பது சுலபம். வெடிப்புக்கு இருபக்கமும் பெருவிரலை வைத்து மெதுவாக விரியுங்கள். அடியில் அதே நிறமோ சற்று மங்கலோ தெரிந்து, விரலை எடுத்ததும் மூடிக்கொண்டால் மேற்பூச்சு மட்டுமே போயிருக்கிறது. வெளிறிய நார் தெரிந்து, விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் தோலே வெடித்திருக்கிறது. அதையும் நிரப்பிச் சரிசெய்யலாம், வேலை கூட. இழுத்தவுடன் நனைந்த கடதாசிபோல் கிழிந்தால், அல்லது விரலில் சிவந்த தூள் ஒட்டினால், அந்தத் துண்டு முடிந்தது. அந்தத் துண்டு மட்டும்தான். பக்கத்துத் துண்டு நன்றாக இருக்கக்கூடும்.

தேங்காயெண்ணெய் பூசினால் மெத்தெண்டு வருமாம். பூசலாமோ?

பூசவேண்டாம். இது ஊரில் எல்லோரும் சொல்லும் வைத்தியம், நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். பூசிய அன்று தோல் கருத்துப் பளபளக்கும், தொட்டால் மெத்தென்றும் இருக்கும். அதற்குப் பிறகு நடப்பதை நான்தான் பார்க்கிறேன். எண்ணெய் வெடிப்புக்குள்ளே இறங்கி நின்று ஊசிப்போகிறது. புழுதி அதில் ஒட்டிக் களியாகிறது. மாரி வந்ததும் பூஞ்சணத்துக்கு அதுவே சாப்பாடு. எல்லாவற்றிலும் மோசம், பிறகு அந்த இடத்தில் பசையும் பிடிக்காது, நிறமும் பிடிக்காது. நல்லெண்ணெய் பூசினால் காலப்போக்கில் பிசினாகிவிடும்.

ஏற்கெனவே பூசிவிட்டீர்களா? முகத்துக்குப் பூசுகிற பவுடரைத் தடிப்பாகத் தூவி ஒரு இரவு விட்டு, காலையில் மென்மையான பிறஷால் தட்டி எடுங்கள். பவுடர் மஞ்சளாக வரும். அது வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். ஒரு ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் காரின் பின் சீற்றுக்கு இதை ஒன்பது நாள் செய்தேன்.

எண்ணெய் வேண்டியிருக்கிறதென்றால் லனோலின் (செம்மறி மயிரிலிருந்து எடுக்கிற கொழுப்பு) கலந்த தோல் களிம்பு, அல்லது மாட்டுக் காலெலும்பிலிருந்து எடுக்கிற நீற்ஸ்ஃபுட் எண்ணெய். அதிலும் கொஞ்சமே. சீற்றைப் பிரித்திருந்தால் பின்பக்கத்திலிருந்து தடவுங்கள். முன்பக்கம் லக்கர் மூடியிருப்பதால் உள்ளே போகாமல் மேலே நிற்கும். பின்பக்கத்து நார் அப்படியே குடிக்கும்.

எதாலை கழுவ வேணும்?

உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தால் கழுவக்கூடாது. பதனிட்ட தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது, அந்தச் சவர்க்காரம் காரம். அடிக்கடி தேய்த்தால் தோல் விறைக்கும். தோலுக்கென்று விற்கும் கழுவல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் குழந்தைகளுக்குப் பாவிக்கிற காரமில்லாத ஷம்புவில் இரண்டு சொட்டைத் தண்ணீரில் அடித்து, அந்த நுரையை மட்டும் துணியில் எடுத்துத் துடையுங்கள். தையல் ஓரங்களுக்குப் பழைய பல்துலக்கி. ஒரு சாண் இடம் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் அடுத்த சாண்.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளே ஊறி வருவது. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைதான் கறுப்புத் தோலில் காய்ந்ததும் கோடாகத் தெரியும். பற்றறிக்கு ஊற்றுகிற வடிநீர் ஒரு போத்தல் வாங்குங்கள், ஒரு காருக்குப் போதும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதுவும் நல்லது.

காயவைப்பது நிழலில். வெயிலில் வைத்தாலும் தலைமயிர் உலர்த்தும் யந்திரத்தைப் பிடித்தாலும் தோல் சுருங்கும். வேலை பழகிய காலத்தில் நான் ஒரு மொறிஸ் ஒக்ஸ்போட்டின் முன் சீற்றைச் சித்திரை வெயிலில் தூக்கி வைத்தேன். பின்னேரம் எடுத்துப் போடப் போனபோது ஓரத்துக்கு வரவேண்டிய தோல் ஒரு விரல் அகலம் குறைந்திருந்தது. ஓரத்தில் புதுத்துண்டு வைத்துத்தான் முடித்தேன். அந்தத் தையல் இன்றைக்கும் என் கண்ணுக்குத் தெரியும்.

தையல் மட்டும் விட்டிருக்கு. மெசினிலை அடிச்சு விடட்டோ?

பழைய சீற்றில் முதலில் போவது தையல்தான். தோல் நன்றாக இருக்கும், பருத்தி நூல் உக்கியிருக்கும். இதுதான் இருப்பதிலேயே நல்ல செய்தி, ஆனால் அதைக் கெடுப்பது தையல்மெசின். மெசின் ஊசி பழைய துளைகளுக்குப் பக்கத்தில் புதுத்துளைகளைப் போட்டுக்கொண்டு போகும். முத்திரையின் ஓரம்போல் இரண்டு வரிசைத் துளை விழுந்ததென்றால், அடுத்த முறை ஆள் இருக்கும்போது அந்தக் கோட்டிலேயே கிழியும்.

கையால் தைக்கவேண்டும், பழைய துளைகளுக்குள்ளேயே. நுனி மொட்டையான ஊசி நல்லது, அது தானாகவே பழைய துளையைத் தேடிப் போகும். நூல் பொலியெஸ்ரர் அல்லது நைலோன், சப்பாத்துத் தைப்பவர்கள் பாவிக்கிற தடிப்பில். பருத்தி நூலைத் திரும்பவும் போடாதீர்கள். சீற்றைக் கழற்ற வசதியில்லாவிட்டால் வளைந்த ஊசியால் வெளியிலிருந்தே ஏணிப்படிபோல மாறி மாறி எடுத்து, பத்துத் துளைக்கு ஒருதரம் இழுத்து இறுக்கலாம். ஒரேயடியாக இறுக்கினால் துளை அறுந்துவிடும். ஆரம்பமும் முடிவும் நல்ல தையலுக்குள் நாலைந்து துளை தள்ளி இருக்கட்டும்.

குறுக்காலை கிழிஞ்சிருக்கு. ஒட்டலாமோ?

ஒரு சாணுக்குக் குறைந்த கிழிசல், உட்காரும் நடுப்பகுதியிலோ முதுகிலோ இருந்தால் ஒட்டலாம். ஓரத்தில், ஆள் ஏறி இறங்கும்போது தேய்கிற பக்கத்தில் இருந்தால் துண்டு மாற்றுவதே நல்லது. எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் அந்த இடம் நிற்பதில்லை.

ஒட்டு உள்ளே இருந்து வரவேண்டும். நெருக்கமாக நெய்த பருத்திச் சீலையில் கிழிசலைவிட எல்லாப் பக்கமும் இரண்டு சென்ரிமீற்றர் பெரிதாக ஒரு துண்டு வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூரான மூலை நாளடைவில் மேலே அச்சாகத் தெரியும். அதைக் கிழிசலுக்குள்ளே செருகி, மேசைக்கத்தியின் மொட்டை முனையால் நாலு பக்கமும் சமப்படுத்துங்கள். ஈக்கில் நுனியில் பசை எடுத்து, தோலின் அடிப்பக்கத்துக்கும் சீலைக்கும் இடையில் தடவுங்கள். காய்ந்தாலும் வளைகிற பசையாக இருக்கவேண்டும். சொட்டு விட்டால் உடனே ஒட்டுகிற பசை கல்லாக இறுகி, அதன் விளிம்பே பக்கத்துத் தோலை வெட்டும். கிழிந்த இரண்டு விளிம்பையும் ஒன்றோடொன்று முட்டவைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பார்த்து, மேலே பொலித்தீன் போட்டு ஒரு மண்பையை வைத்துவிட்டு இரவு முழுக்க விடுங்கள்.

அடுத்த நாள் தோல் நிரப்பியை இடைவெளிக்குள் பூசவேண்டும். ஒரே தடவையில் நிரப்பினால் காயும்போது பள்ளம் விழும். கடதாசித் தடிப்பில் நாலைந்து பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. கடைசியில் 400 இலக்க சாண்ட்பேப்பர், பிறகு 600. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பாருங்கள். விரலுக்குத் தட்டுப்பட்டால் நிறம் அடித்த பிறகு கண்ணுக்கும் தெரியும்.

நிறம் அடிக்கிறதுக்குக் கார் பெயின்ற் பாவிக்கலாமோ? சப்பாத்து மையைப் பூசினால் என்ன?

இரண்டும் வேண்டாம். இன்றைய கார் பெயின்ற் தகரத்துக்கு உரியது, ஆள் இருந்தவுடன் உடையும். சப்பாத்து மை வெள்ளை வேட்டியில் ஏறும். தோலுக்கென்று வருகிற நீர்க்கலவை நிறம்தான் இப்போது நான் பாவிப்பது.

அடிப்பதற்கு முன் பழைய பூச்சு என்னவென்று தெரியவேண்டும். மறைவான இடத்தில் பஞ்சில் தின்னர் தொட்டு ஒற்றிப் பாருங்கள். நிறம் இளகிப் பஞ்சில் வந்தால் பழைய லக்கர் இன்னும் இருக்கிறது. உரிந்து நிற்கிறதையெல்லாம் தின்னரால் துடைத்து எடுத்து, மிச்சத்தை மெல்லிய சாண்ட்பேப்பரால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப்பசை போகத் துடைத்துவிட்டுத்தான் புதியது. கதவுகளைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், அருகில் நெருப்பு இருக்கக்கூடாது.

நிறத்தைச் சரிபார்க்கச் சீற்றின் மேற்பக்கத்தைப் பார்க்காதீர்கள், அது ஐம்பது அறுபது வருடம் வெயில் குடித்தது. பைப்பிங்குக்கு, அதாவது தையல் ஓரத்தில் கயிறுபோல் ஓடுகிற உருட்டுக்கரைக்கு அடியில், மடிப்புக்குள்ளே, வெயிலே படாத ஒரு கோடு இருக்கும். ஒரு ஒஸ்ரின் ஏ40 சமர்செற்றின் சீற் மண்நிறமென்று எல்லோரும் நினைத்திருந்தோம். மடிப்பை விரித்தபோது உள்ளே மாதுளம்பழத் தோலின் சிவப்பு. அந்தக் கோட்டுக்குக் கலந்து, ஒரு சிறு துண்டில் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது பொருந்துகிற நிறம் காய்ந்ததும் மாறிவிடும்.

ஸ்பொஞ்சால் ஒற்றி ஒற்றி மெல்லிய பூச்சுகள், நாலோ ஐந்தோ. பிறகு மேல்காப்புப் பூச்சு. கண்ணாடிபோல மினுங்குகிறது வேண்டாம், பழைய தோலுக்கு மங்கலான மினுக்கமே அழகு.

காலமும் பார்க்கவேண்டும். ஐப்பசி கார்த்திகையில் காற்றில் ஈரம் கூட. நிறம் காயாது, லக்கர் அடித்தால் வெண்படலம் விழும். வைகாசியில் சோளகம் தொடங்கினால் புழுதி பறந்து ஈரப்பூச்சில் ஒட்டும். மாசி, பங்குனிக் காலை வேளைகளுக்காகவே நான் நிற வேலைகளைத் தள்ளி வைக்கிறேன்.

மாரி முடிஞ்சு பார்த்தால் சீற் முழுக்கப் பூஞ்சணம். என்ன செய்ய?

காருக்குள்ளே வைத்துத் துடைக்காதீர்கள், வித்துகள் கூரைத்துணியிலும் குதிரைமயிரிலும் போய் ஏறும். சீற்றை வெளியே எடுத்து, முகத்தை மூடிக்கொண்டு, காற்றுப் போகிற திசையில் பிறஷால் தட்டுங்கள். பிறகு, தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் அற்ககோலைத் துணியில் தொட்டு ஒரு முறை துடையுங்கள். முதலில் மறைவான இடத்தில் பார்க்கவேண்டும், நிறம் கரையலாம். இரண்டு நாள் நிழலில் காற்றாட நிற்கட்டும்.

பூஞ்சணம் திரும்பத் திரும்ப வந்தால் பிழை சீற்றில் இல்லை. பாயைத் தூக்கித் தரைத்தகட்டைப் பாருங்கள். கண்ணாடி இறப்பர் வழியாக வந்த தண்ணீர் அங்கே நிற்கும். காரைத் தறப்பாளால் இறுக்கி மூடுவதும் காரணம். பருத்தித் துணி போட்டு, இரண்டு கண்ணாடியை விரல் அகலம் இறக்கி விடுங்கள். கிடுகுக் கொட்டில் தகரக் கொட்டிலைவிடத் தோலுக்கு நல்லது.

சீற் பதிஞ்சு போச்சு. ஸ்பொஞ்ச் அடைஞ்சு விடுங்கோவன்?

இதை மட்டும் செய்து தரச்சொல்லி நிறையப்பேர் கேட்கிறார்கள். நான் செய்வதில்லை. சீற் பதிவது ஸ்பிறிங் உடைந்து அல்லது அதன் கட்டு அவிழ்ந்து. மேலே ஸ்பொஞ்சைத் திணித்தால் தோல் உப்பி, தையலில் இழுபடும். ஆறு மாதத்தில் உடைந்த ஸ்பிறிங் ஸ்பொஞ்சைக் குத்திக்கொண்டு வெளியே வரும். உண்மையில் கிழிசல்களில் பல, அடி பதிந்து மேல்தோல் தொய்ந்து, தொய்ந்த இடத்தில் மடிந்து மடிந்து வந்தவைதான்.

அடியிலிருந்து வரவேண்டும். ஸ்பிறிங்கைக் கட்டி, துருவை எடுத்துப் பெயின்ற் அடித்து, மேலே சணற்சாக்கைத் தைத்து, அதற்கு மேல் மயிரோ தும்போ பரப்பி, கடைசியில் பஞ்சுத்தாள். குதிரைமயிர் நன்றாக இருந்தால் கழுவிக் காயவைத்துக் கையால் பிய்த்து உதறினால் பழையபடி எழும்பும். குறைகிற இடத்துக்கு இறப்பர் பூசிய தென்னந்தும்பு நன்றாக நிற்கிறது.

மண்ணெண்ணெய் மணம் இன்னும் போகேல்லை. ஏன்?

அந்த மணத்துக்கு ஒரு கதை இருக்கிறது. 1990க்குப் பிறகு வடக்குக்குப் பெற்றோல் வராமல் தடுக்கப்பட்ட காலத்தில், இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். போத்தலும் கலனும் சீற்றிலேதான் வந்தன. சிந்திய மண்ணெண்ணெய் தோலிலிருந்த கொழுப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு அடிக்குசனில் போய் நின்றது. மேலே எவ்வளவு துடைத்தாலும் மணம் போகாது. சீற்றைப் பிரித்து, ஊறிய மயிரையும் சாக்கையும் மாற்றவேண்டும். வெளிறி விறைத்த தோலுக்குப் பின்பக்கத்திலிருந்து லனோலின் களிம்பு, வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மாதம்.

துண்டு மாத்திறதெண்டால் தோல் எங்கை எடுக்கிறது? லண்டனிலை மச்சான் இருக்கிறார்.

மச்சானிடம் அளவு சொல்லி விடுங்கள்: இருக்கைக்கென்று பதனிட்ட மாட்டுத்தோல், தடிப்பு 1 முதல் 1.2 மில்லிமீற்றர். பைக்கும் சப்பாத்துக்கும் வருகிற தோல் சரிவராது. ஒரு முழுத்தோல் ஏறக்குறைய 45 முதல் 55 சதுர அடி வரும். ஒரு துண்டுக்கு முழுத்தோல் வேண்டியதில்லை, வெட்டுத்துண்டாகவும் விற்கிறார்கள். மொறிஸ் மைனருக்கு அங்கே தைத்த உறைத் தொகுதியே வாங்கலாம். நீர்க்கலவை நிறத்தைப் பெட்டிக்குள் போட்டுக் கொண்டு வரலாம். தின்னர், லக்கர், தீப்பற்றும் பசை ஆகியவற்றை விமானத்தில் விடமாட்டார்கள், அவற்றை இங்கேயே பாருங்கள்.

பழைய துண்டைக் கத்திரியால் வெட்டி எடுக்காதீர்கள். தையலைப் பிரித்து எடுத்தால் அதுவே அளவுத்தாள். பின்பக்கத்தில் சோக்கால் இலக்கமும், எது மேல் என்று ஒரு அம்பும் போட்டு, பிரிக்க முன்னர் போனில் படம் எடுத்து வையுங்கள்.

கலியாணத்துக்கு, கோயிலுக்குக் கார் போகுது. என்ன கவனம்?

பருத்தி விரிப்புப் போடுங்கள். கூறைச்சேலையின் சரிகையும் கற்களும் தோலைக் கீறும், மாலைப்பூவின் சாறு கறை பிடிக்கும். பூவை ஒட்டுகிற ரேப்பைத் தோலில் ஒட்டவிடாதீர்கள், பிய்க்கும்போது நிறத்தோடு வரும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தையல் ஓரமெல்லாம் திருநீறு சேரும். அது சாம்பல், வியர்வை பட்டால் காரமாகும். ஈரத்துணியால் தேய்க்காமல் முதலில் காய்ந்த பிறஷால் எடுங்கள்.

பிரிச்சுப் பார்க்கேக்கை பழைய ஒட்டு ஏதும் இருந்தால் எடுத்துப்போட வேணுமோ?

பிடிப்பு விட்டிருந்தால் எடுக்கவேண்டும். முன்பு சொன்ன சமர்செற்றின் சாரதி சீற்றைப் பிரித்தபோது மேலே தும்பு, அதற்குக் கீழே உரப்பை, அடியில் இங்கிலாந்திலிருந்து வந்த குதிரைமயிர். முகப்புத்தோலின் உட்பக்கத்தில், ஒரு கிழிசலுக்குப் பின்னால், சைக்கிள் ரியூபில் வெட்டிய ஒட்டு. மூலைகள் வட்டமாக வெட்டியிருந்தன. பஞ்சர் ஒட்டுவதுபோல் இறப்பரை அரத்தால் உரஞ்சிவிட்டு ஒட்டியிருந்தார்கள். கார்க்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"தம்பி, இது அண்ணை ஒட்டினது. தொண்ணூற்றிரண்டிலை, வீட்டு விறாந்தையிலை வைச்சு."

"எடுக்கட்டோ ஐயா?"

"பிடிச்சிருக்கோ?"

நகத்தால் விளிம்பைக் கிளப்பிப் பார்த்தேன். அசையவில்லை. அதன் மேலே ஒரு மெல்லிய சீலையை வைத்து ஒட்டி, அப்படியே மூடித் தைத்துக் கொடுத்தேன்.